துரு வழிந்த குழாய்

கோத்தகிரி எஸ்டேட்டின் பழைய காரில் ஹீட்டர் சூடே தரவில்லை. உறைபனியில் நடுங்கியபடி வந்திறங்கிய முதலாளியம்மாவிடம், “டிரைவர் போஜன்தான் கெடுத்துட்டான். இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்” என்றார் மேனேஜர் தேசிகன்.

போஜனுக்குக் கொதித்தது. பத்து வருஷமாக அவன் கையால் துடைத்த வண்டி அது. குரலை அடக்கிக்கொண்டு, “சார், உங்க உத்தரவு இல்லாம இந்த வண்டியில நான் ஏதாவது செய்ய முடியுமா?” என்று கேட்டான்.

“சொட்டுத் தண்ணிகூட ஊத்த முடியாது!” என்று மார்தட்டினார் தேசிகன்.

போஜன் ஹீட்டர் குழாயைக் கழற்றினான். செக்கச்செவேலென்று துருத்தண்ணீர் வழிந்தது.

“துருப்பிடிக்காம இருக்க ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் கேட்டேன்மா. ‘ஓடைத் தண்ணியே போதும்’னு உத்தரவு போட்டது சார்தான். அதுல வந்த துருதான் ஹீட்டரை அடைச்சிருக்கு.”

முதலாளியம்மா திரும்பினார். “தேசிகன், நீங்களே போய் கூலன்ட் வாங்கிட்டு வாங்க. நடந்துதான் போகணும், வண்டி ரிப்பேர்ல இருக்கு.”