சடைச்சி போட்ட விதைச் சீட்டு

செம்மண் காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஓர் அரசமரம். அதன் அடியில் ஒரு கல் பிள்ளையார். பிள்ளையாரின் காலடியில், அதே கல்லில் செதுக்கிய ஒரு பெருச்சாளி.

அந்தக் கல் பெருச்சாளியைக் காட்டித்தான் நிஜப் பெருச்சாளி ஒருவர் காடு முழுக்க மரியாதை வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்னை யாருன்னு நினைச்சீங்க? சாமியைச் சுமந்த வம்சம்! பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்தப்போ முதுகு குடுத்தது எங்க முப்பாட்டன்தான்!”

இதைத் தினமும் சொல்லுவார். அதனால் எல்லோரும் அவரை ‘வாகனத்தார்’ என்று கூப்பிட்டார்கள். நெற்றியில் விபூதி வேறு. பிள்ளையாருக்கு யாரோ பூசிவிட்டுப் போனதில் உரசிக்கொண்டு வந்தது!

அந்தக் காட்டு விலங்குகளிடம் விதைச் சீட்டு என்று ஒரு வழக்கம் இருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் உதிர்ந்து கிடக்கும் சாமைக் கதிரையும் வரகுக் கதிரையும் பொறுக்கி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆளுக்கு ஒரு வாய் கொண்டுவந்து வாகனத்தாரின் வளையில் போடுவார்கள். குவிந்ததை ஒரு மாதம் முயல் எடுத்துக்கொள்ளும். அடுத்த மாதம் அணில். அதற்கடுத்த மாதம் கௌதாரி. இப்படி முறை வைத்து எடுத்ததால், ஒவ்வொருவருக்கும் தன் முறை வரும்போது ஒரே சமயத்தில் பெரிய குவியல் கிடைத்தது.

முள்ளம்பன்றி சடைச்சியின் முறையும் வந்தது. அவளுக்கு இரண்டு குட்டிகள். புருஷன் போன வருஷம் காட்டுத் தீயில் போய்விட்டான். தன் குவியலைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

வாகனத்தார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“தாயி, இப்பவே எடுத்து என்ன பண்ணப் போறே? காடே பச்சையா இருக்கு. கோடையிலதானே பஞ்சம்? இது என் வளையிலேயே இருக்கட்டும். கோடையில வந்து ஒண்ணுக்கு ஒண்ணரையா வாங்கிக்க!”

“ஒண்ணரையா? எப்படிங்க?”

“அதெல்லாம் என் பொறுப்பு. அந்தப் பிள்ளையார் மேல சத்தியம்!”

குளக்கரை மண்ணில் ஈரம் ஊறும் என்பது மண் தோண்டிப் பிழைக்கும் சடைச்சிக்குத் தெரியாததா? ஈரத்தில் விதை தங்காது என்பதுதான் தெரியாததா? எல்லாம் தெரியும். ஆனால் சத்தியம் சாமி மேல் ஆயிற்றே! அங்கேதான் அவள் கோட்டை விட்டாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெறும் வாயோடு திரும்பினாள்.

கோடை வந்தது. புல் காய்ந்தது. கிழங்குக் கொடிகள் கருகின. குட்டிகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. சடைச்சி வாகனத்தாரின் வளைக்குப் போனாள்.

வளை வாசலில் ஒரு கல் அடைத்திருந்தது.

“ஐயா! சடைச்சி வந்திருக்கேன். என் விதை வேணும்.”

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “எந்த விதை?”

“உங்ககிட்ட விட்டு வச்சேனே! பிள்ளையார் மேல சத்தியம் பண்ணீங்களே!”

“ஓ, அதுவா! அதையெல்லாம் எலிங்க வந்து தின்னுட்டுப் போயிடுச்சு தாயி!”

“பெருச்சாளி வளைக்குள்ள எலி எப்படிங்க வந்துச்சு?”

உள்ளே நறநறவென்று மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அது அவள் பொறுக்கிய சாமை! அவள் குட்டிகளின் வாய்க்குப் போக வேண்டிய சாமை!

சடைச்சி முயலிடம் ஓடினாள். “நீயும் கூட இருந்தியே! வந்து ஒரு வார்த்தை கேளு!”

முயல் காதை மடக்கிக்கொண்டது. “எனக்குச் சேர வேண்டியது வந்துடுச்சு அக்கா. அவரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த சீட்டுல என்னைச் சேர்க்க மாட்டாரே!”

அணிலும் அதையே சொன்னது. கௌதாரி அதைக்கூடச் சொல்லாமல் பறந்துவிட்டது. பாதிக்கப்படாதவர்களுக்குப் பொறுமை எப்போதும் நிறைய இருக்கும்!

சடைச்சியின் முதுகில் முள் அத்தனையும் சிலிர்த்து நின்றது. ‘அவனைச் சும்மா விடக் கூடாது’ என்ற ஒரே நினைப்புதான் மனதில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாறைச் சந்திலிருந்து உடும்பு எட்டிப் பார்த்தது.

“அக்கா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கே மனசு கொதிக்குது! உன் கால்ல இருக்கிற நகம் எதுக்கு? அவன் வளை இருக்கிறது குளக்கரைக்குள்ள. கரையை நீ தோண்டி விட்டேன்னு வச்சுக்க, மொத்தத் தண்ணியும் அவன் வளைக்குள்ள போயிடும்! ஆளும் காலி!”

சடைச்சிக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. பொழுது சாயும் முன்பே கரைக்குப் போனாள். தோண்டினாள். ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் ஒரு திட்டு. மேல் மண் போய் ஈர மண் வந்தது. ஈர மண் போய்ச் சேறு வந்தது. சேற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து அவள் நகத்தை நனைத்தது.

இன்னும் ஒரு முழம்தான்.

அப்போது கரைக்கு மறுபக்கத்தில் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. சடைச்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுடைய குட்டிகள் இரண்டும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் முயல் குட்டிகள். காட்டில் மிச்சமிருந்த தண்ணீரே அது ஒன்றுதான்.

அவள் கை நின்றது. கோபம் நிற்கவில்லை!

நேராக அரசமரத்தடிக்குப் போனாள். பிள்ளையார் முன்னால் நின்று கத்தினாள்.

“உன் பேரைச் சொல்லித்தானே ஏமாத்தினான்! உன் காலடியிலதானே இருக்கான்! நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?”

பிள்ளையார் பேசவில்லை. கல் பிள்ளையார் என்றைக்குப் பேசியிருக்கிறார்? அரச இலைகள் சலசலத்தன. அவ்வளவுதான். சடைச்சி அழுதாள். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று விளங்கியது. பொய் சொன்னது வாகனத்தாரின் வாய். சாமியின் வாய் அல்ல. இதோ, இந்தக் குளத்தில் மழையை நிரப்பியவர் ஒருநாளும் அவளை ஏமாற்றியதில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“சரி. இப்பவே சொல்லிடறேன், கேட்டுக்க. அவனை என்ன பண்ணணுமோ அது உன் வேலை. அதுல நான் கை வைக்க மாட்டேன். தோண்டுறது என் வேலை. என் பிள்ளைங்களுக்காக நான் தோண்டுறேன். எனக்குத் தெம்பு மட்டும் குடு!”

திரும்பிப் போய், தோண்டிய குழியைத் தானே மண் போட்டு மூடி, மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். உடும்பு பதறிக்கொண்டு ஓடி வந்தது.

“என்னக்கா இது? பாதியில விட்டுட்டே! தண்ணி வத்தும், மீனெல்லாம் தரையில துள்ளும்னு நான் காலையிலேர்ந்து பட்டினியா…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டது.

“ஓகோ! உன் மனசு கொதிச்சது இதுக்குத்தானா?” என்றாள் சடைச்சி. உடும்பு பாறைக்குள் புகுந்துகொண்டது.

மறுநாளிலிருந்து சடைச்சி மலைச் சரிவுக்குப் போனாள். அங்கே மண் கல் மாதிரி இருக்கும். அதனாலேயே யாரும் அங்கே தோண்டுவதில்லை. சடைச்சி தோண்டினாள். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் ஒரு நகம் உடைந்தது. அதற்கடுத்த நாளும் போனாள். வழியில் வாகனத்தாரின் வளையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் முள் தானாகச் சிலிர்க்கும். “என் வேலை இல்லை, என் வேலை இல்லை” என்று முணுமுணுத்துக்கொண்டே நடையை எட்டிப் போடுவாள். அந்த வளையைத் தாண்டுவதை விட அந்தக் கல் மண்ணைத் தோண்டுவதே அவளுக்குச் சுலபமாக இருந்தது.

கடைசியில் ஆழத்தில் ஒரு கிழங்கு தட்டுப்பட்டது. ஒல்லிக் கிழங்குதான். ஆனால் அன்று குட்டிகள் வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்கின. அதன் பிறகு ஒரு நாளும் அடுப்பு… இல்லை, முள்ளம்பன்றிக்கு ஏது அடுப்பு? ஒரு நாளும் அந்த வீட்டில் பட்டினி இல்லை என்று சொல்ல வந்தேன்.

வாகனத்தார் என்ன செய்துகொண்டிருந்தார்? தின்றார். தூங்கினார். சடைச்சியின் விதையைப் பதுக்க இடம் போதவில்லை என்று கரைக்குள்ளேயே அறைக்கு மேல் அறையாகக் குடைந்தார். ஒவ்வொரு அறையும் குளத்துத் தண்ணீரை நோக்கி இன்னும் கொஞ்சம் நெருங்கியது. மண் குளுகுளுவென்று இருக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம் வேறு!

ஒரு நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியது. குளம் மளமளவென்று ஏறியது. உள்ளே குடைந்து வைத்த கரை எத்தனை நேரம் தாங்கும்? தண்ணீர்ப் பக்கம் மண் சரிந்து ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியாகத் தண்ணீர் வளைக்குள் பாய்ந்தது. ஈரத்தில் ஊறி உப்பியிருந்த விதைக் குவியல் சரிந்து, சேற்றோடு சேர்ந்து வாசலை அடைத்துக்கொண்டது.

“காப்பாத்துங்க! ஐயோ, யாராச்சும் வாங்க!”

சடைச்சி ஓடி வந்தாள். முயலும் அணிலும் கரையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தன.

“பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே! கரை உடைஞ்சா கோடை முழுக்க எதைக் குடிப்பீங்க? கல்லை உருட்டுங்க! தழையை ஒடிங்க!”

தண்ணீருக்குள் இறங்கி ஓட்டையில் கல்லைத் திணித்தாள். அதன் மேல் தழை. அதன் மேல் களிமண். முதுகைக் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் மேலும் மேலும் மண்ணைத் தள்ளினார்கள். பாய்ச்சல் கசிவாயிற்று. கசிவும் நின்றது. குளம் பிழைத்தது.

ஆனால் வளைக்குள்ளிருந்து வந்த கூச்சல் இப்போது முனகலாகிவிட்டது.

உடும்பு அவள் காதருகே வந்தது. “போதும் அக்கா, வீட்டுக்குப் போ. அவனைத் தண்டிக்கிறது சாமி வேலைன்னு சொன்னே இல்ல? சாமி தண்டிச்சுட்டார்! இதுல நீ குறுக்கே போகலாமா?”

சடைச்சி ஒரு கணம் நின்றாள். குட்டிகளின் விலா எலும்பு நினைவுக்கு வந்தது. அந்த நறநறச் சத்தம் நினைவுக்கு வந்தது. நகர்ந்து போய்விட்டால் போதும். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

“இது சாமி குடுத்த தண்டனையா இல்லையான்னு எனக்குத் தெரியாது,” என்றாள். “தோண்டுறது என் வேலைன்னு சாமிகிட்ட சொன்னேன். அது மட்டும் தெரியும். தள்ளி நில்லு!”

கரையின் வெளிப்பக்கத்தில் தோண்ட ஆரம்பித்தாள். மலைச் சரிவில் பழகிய கால்களுக்குக் கரை மண் எம்மாத்திரம்! அடைப்பு திறந்தது. சேறும் விதையும் குபுகுபுவென்று வெளியே கொட்டிச் சரிவில் பரவின. அதன் கடைசியில், வயிறு உப்பி, விபூதி கரைந்து, வாகனத்தார் உருண்டு வந்து விழுந்தார்.

இருமி முடித்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “நீயா? நான் உனக்குத் துரோகம் பண்ணினவனாச்சே தாயி! ஏன் என்னைக் காப்பாத்தினே?”

“நீங்க சாமி மேல சத்தியம் பண்ணீங்க. மறந்துட்டீங்க. நான் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். மறக்கலை. அவ்வளவுதான்.”

வாகனத்தார் தலையைத் தொங்கப் போட்டார். “என்னை மன்னிச்சுடு தாயி. அடுத்த சீட்டுல உன் கணக்கை நான் நேர் பண்ணி…”

“மன்னிச்சுட்டேன்! ஆனா உங்ககிட்ட சீட்டு மட்டும் இந்த ஜன்மத்துல போட மாட்டேன்!”

முயல் சிரித்தது. அணில் சிரித்தது. அப்புறம் இரண்டும் சடைச்சியைப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு தலை குனிந்தன. “அன்னைக்கே நாங்க உன்கூட வந்து கேட்டிருக்கணும் அக்கா,” என்றது முயல்.

கதை இங்கேயே முடிந்திருந்தாலும் சடைச்சிக்குக் குறையில்லை. ஆனால் சரிவில் பரவிய சேற்றில் கிடந்தது அவளுடைய விதை. கோடை மழை நனைத்த மண். கரையிலிருந்து கசியும் ஈரம். சில நாளில் அங்கே பச்சை தெரிந்தது. ஆடி மாதக் காற்றில் சாமையும் வரகும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றன. ஒண்ணுக்கு ஒண்ணரை என்றாரே வாகனத்தார், அந்தக் கணக்கெல்லாம் எந்த மூலைக்கு!

சடைச்சி முதல் கதிரைப் பிள்ளையாரின் முன்னால் வைத்தாள். மீதியைக் குட்டிகளுக்கும், முயலுக்கும், அணிலுக்கும் கொடுத்தாள். குருவிகளை விரட்டிக் காவல் காத்த வாகனத்தாருக்கும் ஒரு வாய் கொடுத்தாள். வம்சப் பெருமை பேசாமல் அவர் அதைத் தின்றார்.

நம்மை ஏமாற்றியவரின் கணக்கைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, நம் கைகளைப் பழி தீர்க்கப் பயன்படுத்தாமல் நல்ல வேலைக்குப் பயன்படுத்துவதே உண்மையான நம்பிக்கை.