சருகுமான் வாங்கிய கறுப்பு வண்டி

மலைச்சரிவில் ஒரு காடு இருந்தது. அந்தக் காட்டில் எந்த விலங்குக்குப் பிரசவ வலி கண்டாலும் முதலில் கூப்பிடுவது மாதி என்ற சருகுமானைத்தான். சருகுமான் என்றால் முயல் அளவே இருக்கும் குட்டி மான், குழந்தைகளே. உருவம்தான் சிறியது. பிரசவம் பார்ப்பதில் மாதிக்கு இணையாக அந்தக் காட்டில் யாரும் இல்லை.

ஒரே ஒரு குறை உண்டு. மாதி எதற்கெடுத்தாலும் பயப்படும்.

அதற்குக் காரணமும் இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு புள்ளிமானுக்கு வலி எடுத்தது. மாதி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது குட்டி பிறந்து, மூச்சில்லாமல் கிடந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்பது மாதிக்கு மறந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் மறக்கவில்லை. அன்று முதல் இலை அசைந்தாலும் யாரோ கூப்பிட வருகிறார்கள் என்று எழுந்து நின்றுவிடும்.

காட்டு விலங்குகள் கூடிப் பேசின. அடுத்த மழை தொடங்குவதற்குள் மாதிக்கு ஒரு கார் வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தக் கார் என்பதை மாதியே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டன. அதைக் கேட்டு மாதிக்குச் சந்தோஷத்தைவிடக் கலக்கமே அதிகம் வந்தது. தப்பான வண்டியைக் காட்டிவிட்டால் என்ன ஆவது?

அந்தக் காட்டில் கார்க் கடை வைத்திருந்தது ஒரு காட்டுப்பூனை. பெரிய தந்திரசாலி. தனியாகப் போகப் பயந்து, மாதி பக்கத்து வளையில் இருந்த வேலாயி என்ற முள்ளம்பன்றியைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. வேலாயி அதிகம் பேசாது. பேசினால் மனசில் பட்டதைத்தான் பேசும்.

கடையில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று சிவப்பு. கட்டையான உடம்பு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு கதவுகள், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. பின் இருக்கையை மடக்கிப் போட்டால் உள்ளே ஒரு சின்ன அறை அளவுக்கு இடம் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தால் சுறுசுறுப்பாகவே ஓடியது, வளைவுகளில் சொன்னபடி திரும்பியது.

இன்னொன்று கறுப்பு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அகலமான டயர்கள், இரண்டே கதவுகள், பின்னால் பேருக்கு ஓர் இருக்கை. சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில் மாதியின் காதுகள் விறைத்துக்கொண்டன.

வேலாயி கையோடு கொண்டுவந்திருந்த பிரசவச் சாமான்களைச் சிவப்பு வண்டியில் ஏற்றிப் பார்த்தது. வெந்நீர்ப் பானை, துணி மூட்டை, மூலிகைக் கூடை எல்லாம் அடங்கி இன்னும் இடம் இருந்தது. கறுப்பு வண்டியில் கூடையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சிவப்பு போதும், மாதி. இதுவும் வேகமாகத்தானே ஓடுகிறது?" என்றது வேலாயி.

காட்டுப்பூனை அதை மறுக்கவில்லை. சிவப்பும் நல்ல வண்டிதான் என்று ஒப்புக்கொண்டது. பிறகு மாதியின் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"போன மழையில் அந்தப் புள்ளிமான் வீட்டுக்கு எவ்வளவு நேரம் பிந்திப் போனாய், தங்கச்சி?"

"கொஞ்ச நேரம்தான், அண்ணே" என்றது மாதி.

"அந்தக் கொஞ்ச நேரத்தை இந்தக் கறுப்பு வண்டி உனக்கு மிச்சம் பிடித்துத் தரும்."

மாதி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் கடைக்குப் போய் இரண்டையும் ஓட்டிப் பார்த்தது. சிவப்பில் உட்கார்ந்தால் மனம் கொஞ்சம் அமைதியாகும். உடனே, இந்த அமைதிதான் என்னைத் தாமதமாக்கப் போகிறதோ என்று ஒரு கலக்கம் எழும். கறுப்பில் உட்கார்ந்தால் அதன் வேகமே பயமுறுத்தும். ஆனாலும் மூச்சில்லாத அந்தக் குட்டி கண்முன் வந்து நிற்கும். சிவப்பை வாங்கி, ஒரு தடவை பிந்திவிட்டால் பிறகு யார் முகத்தில் விழிப்பது?

மூன்றாம் நாள் மாலை அது கறுப்பு வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டது. ஓட்டப்போவது நீதான் என்று சொன்னதோடு வேலாயி நிறுத்திக்கொண்டது.

மழை தொடங்கிய நாலாம் நாள் மதியம் ஒரு மைனா நனைந்துகொண்டே பறந்து வந்தது. மேட்டுக் குகையில் இருக்கும் பெண் கரடிக்குக் காலையிலிருந்து வலியாம், குட்டி இறங்கவில்லையாம், உடனே வரச் சொன்னார்களாம்.

மாதி வண்டியைக் கிளப்பியது. வேலாயி பின் இருக்கையில் நுழைந்து, மூட்டையும் கூடையும் பானையும் மடிமேல் அடுக்கிக்கொண்டு, முட்களை மடக்கி உட்கார்ந்தது. தார்ச் சாலையில் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடின. இந்த முறை முந்திவிட்டேன் என்று மாதி தனக்குள் சொல்லிக்கொண்டது.

ஆற்றோடு தார்ச் சாலை முடிந்தது. அதற்கு மேல் மண் பாதை. மழை அதை அறுத்துப் பள்ளம் பள்ளமாக்கியிருந்தது. முதல் கல்லிலேயே வண்டியின் அடிவயிறு கரகரவென்று உரசியது. அடுத்த பள்ளத்தில் பானை உடைந்தது. மாதி வேகத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் நத்தை போல ஊர்ந்தது. குகைக்கு இரண்டு வளைவு இருக்கும்போது வண்டி ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அத்தனை பெரிய எஞ்சின் உறுமியது, சக்கரங்கள் காற்றில் சுழன்றன. வண்டி மட்டும் நகரவில்லை.

இரண்டும் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடின.

குகைக்குள் பெண் கரடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. மாதி வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. குட்டி குறுக்கே கிடந்தது. அடிவாரத்தில் இருக்கும் யானை வைத்தியரிடம் கொண்டுபோனால்தான் நல்லது என்றது.

"உன் கார் எங்கே?" என்று ஆண் கரடி கேட்டது.

மாதி வண்டி மாட்டிக் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. பாறைமேல் மாட்டாமல் வாசலிலேயே வந்து நின்றிருந்தாலும் அந்த வண்டிக்குள் ஒரு கரடியைப் படுக்கவைத்திருக்க முடியாது. அப்போதுதான் மாதிக்கு அது உறைத்தது.

விஷயத்தை வேலாயி சொன்னது. ஆண் கரடி கொஞ்சம் யோசித்தது. மேல் வளைவில் காட்டுப்பூனையின் வீடு இருக்கிறது, அங்கே எப்போதும் ஒரு வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு ஓடியது.

மாதி காத்திருந்தது. பெண் கரடியின் வலி வந்தது, போனது, வந்தது. இடைவெளி சுருங்கிக்கொண்டே போயிற்று. பாதையில் சத்தம் கேட்டு மாதி எட்டிப் பார்த்தது. கற்களின்மேல் ஏறி இறங்கி ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. சிவப்பு வண்டி. கடையில் பார்த்த அதே வகை, ஆனால் பல மழை கண்டு சேறு படிந்த பழைய வண்டி. ஓட்டிவந்தது காட்டுப்பூனை.

பின் இருக்கையை மடக்கிப் பெண் கரடியைப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் வேலாயி, வயிற்றுப் பக்கம் மாதி, முன்னால் ஆண் கரடி. பாறைமேல் கிடந்த கறுப்பு வண்டியை ஒதுங்கிக் கடந்து வண்டி குலுங்கியபடி இறங்கியது, எங்கும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆற்றை நெருங்கியபோது பெண் கரடி வீறிட்டது. இனி தாங்காது என்று மாதிக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்துங்கள், அண்ணே. பின் கதவைத் திறங்கள்."

கதவு மேலே எழுந்து கூரையாக நின்றது. அதற்கு வெளியே மழை கொட்டியது. மாதி பயந்துகொண்டேதான் வேலை செய்தது. வயிற்றை மெல்ல அழுத்தி, குட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியது. நெடுநேரம் கழித்துக் குட்டி வந்தது. அது அசையவில்லை.

ஆண் கரடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாதி குட்டியின் மூக்கை நக்கித் துடைத்தது, துணியால் முதுகைத் தேய்த்தது, வாயில் ஊதியது. மறுபடி தேய்த்தது. மறுபடி ஊதியது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு கீச்சுக் குரல் எழுந்தது. சற்று நேரத்தில் இரண்டாவது குட்டியும் தானாகவே வந்துவிட்டது.

எல்லாம் முடிந்தபின் மாதி காட்டுப்பூனையின் பக்கம் திரும்பியது.

"உங்கள் வீட்டுக்கு இந்த வண்டியைத்தான் வைத்திருக்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் அந்தக் கறுப்பு வண்டியை விற்றீர்கள், அண்ணே?"

காட்டுப்பூனை குட்டிகளைப் பார்த்தபடி இருந்தது. "நீ பயந்துபோய் வந்தாய், தங்கச்சி. பயந்து வருகிறவர்களுக்கு எதையும் விற்றுவிடலாம். எந்தப் பாதையில் போக வேண்டும், யாரை ஏற்ற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை."

மாதி கறுப்பு வண்டியின் சாவியை நீட்டியது. காட்டுப்பூனை தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டது. மறுநாள் காலை, கடையிலிருந்த சிவப்பு வண்டி மாதியின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நீதி: பயம் சொல்வதைத் தேர்ந்தெடுக்காதே, உன் வேலை கேட்பதைத் தேர்ந்தெடு.