இலை வேண்டாம் கூட்டத்துக்கு ஓர் இலை

சூரப்பன் என்ற கீரிக்கு, பிறர் சொல்லி எதையும் செய்யப் பிடிக்காது. பிறரை ஏவவும் பிடிக்காது. கருங்காலிக் காட்டில் இதே எண்ணம் கொண்ட விலங்குகள் இன்னும் சில இருந்தன. எல்லாம் கூடி ஒரு சங்கம் வைத்தன. "அவரவர் விருப்பச் சங்கம்" என்று அதற்குப் பெயர். கீரிதான் தலைவர். மரகதம் என்ற கொண்டலாத்திப் பறவை செயலாளர்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் "இதைச் செய்" என்று சொல்வதில்லை. "இதுதான் உங்கள் விதியா?" என்று யாராவது கேட்டால் கீரிக்குக் கோபம் வந்துவிடும். "விதியெல்லாம் இல்லை! சும்மா ஒரு வழக்கம்!" என்று திருத்தும்.

கூட்டம் கூட்டுவதென்றால், "வந்தாலும் வரலாம்" என்றுதான் கொண்டலாத்தி மரத்துக்கு மரம் சொல்லிவிட்டுப் போகும். அதனால் சிலர் கூட்டம் முடிந்த பிறகு வருவார்கள். சிலர் வந்து தூங்குவார்கள். ஒரு தடவை தலைவரே வரவில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இப்படி நிம்மதியாக இருந்த சங்கத்துக்குக் கண்ணில் விழுந்த தூசியாக ஒன்று இருந்தது. அதுதான் அனுமதி இலை.

காட்டின் நடுவில் ஒரு மடு. அதில் தண்ணீர் குடிக்க வேண்டுமானால் நாகலிங்கம் என்ற நரியிடம் அனுமதி வாங்க வேண்டும். யானை ராஜா எந்தக் காலத்திலோ போட்ட உத்தரவு அது. நரி ஓர் ஆல இலையை எடுக்கும். தன் பாதத்தைச் சேற்றில் முக்கி இலையில் ஒரு குத்துக் குத்தும். அந்த இலையோடு போனால்தான் தண்ணீர். காலையில் வாங்கிய இலை மாலையில் செல்லாது.

அதையாவது சட்டென்று கொடுக்குமா? கொடுக்காது!

"பேர் என்ன?" என்று கேட்கும் நரி.

"நேத்தும் வந்தேனேய்யா!"

"அது நேத்து. பேர் என்ன? அப்பா பேர் என்ன? எதுக்குத் தண்ணி?"

"தாகம்யா!"

"தாகம்னா எந்த மாதிரி தாகம்?"

நடுவில் அதற்குத் தூக்கம் வேறு வந்துவிடும். வரிசை முழுதும் அது விழிக்கும்வரை காத்து நிற்கும்.

ஒரு கோடையில் தேனம்மை என்ற புள்ளிமான் தன் குட்டியோடு அந்த வரிசையில் நின்றது. நரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. குட்டி நின்றபடியே சுருண்டு விழுந்தது. தாய் மான் அலறியதைக் கேட்டு ஓடி வந்த கீரி, இலையாவது கிலையாவது என்று மடுவில் பாய்ந்தது. வாலைத் தண்ணீரில் நனைத்து வந்து குட்டியின் வாயில் பிழிந்தது. குட்டி மெல்லக் கண் திறந்தது.

கீரி அந்தக் குட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தது. "தேனம்மா, இந்த இலையை ஒழிக்காம நான் ஓய மாட்டேன். இது என் வாக்கு!" என்றது.

நேரே யானை ராஜாவிடம் போய் நின்றது. ராஜா காதை ஆட்டியபடி முழுதும் கேட்டார்.

"உனக்கு மட்டும் வேண்டாமா, எல்லாருக்குமே வேண்டாமா?"

"எல்லாருக்கும்தான் ராஜா!"

"அப்படியா! வர்ற அமாவாசைக் காலையில மடுக்கரைக்கு வர்றேன். அங்க தண்ணி குடிக்கிற அத்தனை பேரும் ஒரே குரல்ல 'இலை வேண்டாம்'னு சொல்லட்டும். ஒரு குரல் குறைஞ்சாலும் இலை இருக்கும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

கீரி துள்ளிக்கொண்டு திரும்பியது. பாதி வழியில்தான் அதற்கு வியர்த்தது. ஒரே குரலா? வெயில் அடிக்கிறதா என்று கேட்டாலே தன் சங்கத்தில் மூன்று கருத்து வருமே!

அவசரமாகச் செயற்குழு கூடியது.

"மரகதம், இந்த ஒரு தடவை மட்டும் 'வரணும்'னு சொல்லிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது கீரி.

கொண்டலாத்தியின் கொண்டை விறைத்து நின்றது. "என்ன சொன்னீங்க தலைவரே? வரணுமா?"

"விடுதலைக்காகத்தானே!"

"ஆமா... விடுதலைக்காகத்தானே!" கொண்டை மெல்ல மடங்கியது.

அந்த ஒரு "வரணும்" குட்டி போட ஆரம்பித்தது. வர வேண்டும் என்று ஆனது. பிறகு நேரத்தோடு வர வேண்டும் என்று ஆனது. முழக்கத்தை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆனது. முரட்டையன் என்ற காட்டுப்பன்றி தானாக முன்வந்து தொண்டர் படைத் தலைவன் ஆனது. யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று அது ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தது.

"பழகினவங்க யாரு, பழகாதவங்க யாருன்னு எப்படித் தெரியும்?" என்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஓர் அடையாளம் கொடுத்துடுவோம்!" என்றது கொண்டலாத்தி. "ஆல இலை ஒண்ணு. அதுல நம்ம தலைவரோட பாதம். சேத்துல முக்கி ஒரு குத்து! அது இருந்தாத்தான் கூட்டத்துக்குள்ள விடணும்!"

"பிரமாதம்!" என்றது பன்றி. "பிரமாதம்!" என்றது கீரி. அங்கிருந்த ஒருவருக்குமே உறைக்கவில்லை. என்னத்தைச் சொல்ல!

எல்லாரும் இலை வாங்கினார்கள், ஒரே ஓர் ஆளைத் தவிர. தங்கபுஷ்பம் என்ற ஆமைதான் அது. கீரி அதன் புதருக்கே போனது.

"அக்கா, அமாவாசைக்கு வந்து ஒரு குரல் கொடுக்கணும்."

"நான் வரலை தம்பி."

"எல்லாரோட நன்மைக்குத்தான் அக்கா!"

"இருக்கட்டும். எனக்கு இஷ்டமில்லை."

"இஷ்டமில்லைன்னா எப்படி? அவரவர் இஷ்டப்படி இருக்கணும்னுதானே ராத்திரி பகலாப் பாடுபடறோம்!"

"அதான், நான் என் இஷ்டப்படி இருக்கேன்" என்ற ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கீரி ஓட்டைத் தட்டியது. கெஞ்சியது. ஓட்டின் முன்னால் நின்று ஒரு முழுச் சொற்பொழிவே ஆற்றியது. உள்ளே போன தலை வெளியே வரவே இல்லை.

"தலைவரே, உருட்டிக்கிட்டு வந்துடவா?" என்று கேட்டது பன்றி.

கீரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீ, அதெப்படி! ஆனால் ஒரு குரல் குறைந்தால் எல்லாமே போயிற்றே. கொடுத்த வாக்கு என்ன ஆவது? மான்குட்டியின் முகம் கண் முன்னால் வந்தது. கீரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"மெதுவா உருட்டு" என்றது.

அமாவாசைக் காலை வந்தது. மடுக்கரையில் முள் வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு வாசல். வாசலில் பன்றி. வேலிக்கு உள்ளே ஓர் ஓரத்தில் ஆமை மல்லாந்து கிடந்து நான்கு காலையும் ஆட்டிக்கொண்டிருந்தது. இலையைத் தொலைத்தவர்களும் மறந்தவர்களும் புது இலைக்காக வெளியே வரிசையில் நின்றார்கள். நரியின் வரிசையைவிட இது நீளம்!

கீரிக்குத் தலை நிமிர நேரமில்லை. "அடுத்தது! பேர் என்ன? பழகிட்டியா? அடுத்தது!" என்று குத்திக்கொண்டே இருந்தது.

அப்போது தரை அதிர்ந்தது. யானை ராஜா வந்தார்.

"நில்லுங்க!" என்றது பன்றி. "இலை எங்கே?"

"என்ன இலை?"

"இலை வேண்டாம்னு சொல்ற கூட்டத்துக்கான இலை!"

ராஜா கண்ணைச் சிமிட்டினார். "என்கிட்ட இல்லையே."

"அப்ப வரிசையில நில்லுங்க!"

மடுவின் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய ஓசை கேட்டது. நாகலிங்கம் நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டு புரண்டு சிரித்தது. "ஐயோ, ஐயோ! இத்தனை வருஷத்துல நான்கூட ராஜாகிட்ட இலை கேட்டதில்லையே!"

கீரி நிமிர்ந்து பார்த்தது. நரியைப் பார்த்தது. பிறகு தன் பாதத்தைப் பார்த்தது. முழங்கால்வரை சேறு! நரியின் காலில்கூட அவ்வளவு சேறு இருந்ததில்லை.

வரிசையின் முன்முனையில் தேனம்மை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அதன் குட்டி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

"தேனம்மா, நீயா! எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"விடிஞ்சதுலேர்ந்து" என்றது மான். "இப்பத்தான் பேர் என்னன்னு கேட்டீங்க, சொன்னேன். நீங்க நிமிரவே இல்லை."

கீரிக்கு அவமானத்தில் உடம்பே குறுகிப் போனது.

அதற்குள் ராஜா வேலியை ஒரு காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார். "சரி, எல்லாரும் தயாரா? ஒரே குரல்ல சொல்லுங்க பார்ப்போம்!"

விலங்குகள் மூச்சை இழுத்துப் பிடித்தன. கீரி ஒரு சைகை காட்டினால் போதும், காடே அதிரும். அந்த இரைச்சலில் ஓர் ஆமை வாய் திறந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியப்போகிறது? இலை ஒழியும். குட்டி தண்ணீர் குடிக்கும். வாக்கு நிறைவேறும்.

எல்லாக் கண்களும் கீரியையே பார்த்தன. கீரி ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த அந்த நான்கு கால்களைப் பார்த்தது.

"பொறுங்க ராஜா!" என்றது. "ஒரு குரல் குறையுது."

"தலைவரே!" பன்றி காதோரம் வந்து கிசுகிசுத்தது. "யாருக்கும் தெரியாது. விட்டுடுங்க!"

"எனக்குத் தெரியுமே முரட்டையா. வா, ஒரு கை கொடு."

இரண்டும் சேர்ந்து ஆமையைத் திருப்பி நிமிர்த்தின. கீரி அதன் முன்னால் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நீங்க ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

ஆமை தலையை நீட்டி மண்ணைத் துப்பியது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்! இலை இருந்தா வரிசை இருக்கும் தம்பி. வரிசையில யாரும் என் மேல ஏறிப் போக மாட்டாங்க. இலை போனா வரிசையும் போகும். அப்புறம் இந்த முரட்டையன் கூட்டம் தடதடன்னு தண்ணியில இறங்கும். என் முதுகைப் பாரு. இந்த விரிசல் நரி போட்டதில்லை. நரி தூங்கின நேரத்துல வரிசையை உடைச்சுக்கிட்டு ஓடின பன்றிங்க போட்டது!"

பன்றி குனிந்து பார்த்தது. அதன் முகம் தொங்கிப்போனது. "அது நீங்களா அக்கா? கல்லுன்னு நெனச்சோமே!"

"கல்லாம் கல்லு! நகர்ந்து போற கல்லை எங்கடா பார்த்தே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பன்றியும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேற்குக் கரையில இறங்கியிருப்போமே அக்கா. எங்களுக்கு எந்தக் கரையா இருந்தா என்ன? இனிமே அங்கதான் இறங்குவோம்."

"சொல்ல விட்டீங்களா? நான் தலையை நீட்டுறதுக்குள்ள முழக்கம் போடச் சொல்றீங்க!"

கீரி எழுந்து ராஜாவிடம் வந்தது. "ராஜா, ஒரே குரல் எனக்கு வேண்டாம். அது வரணும்னா யாரையாவது மல்லாக்கப் போட வேண்டியிருக்கு. இலை வேணும்னு நினைக்கிறவங்க நரிகிட்ட வாங்கி வரிசையில போகட்டும். வேண்டாம்கிறவங்க நேரா போய்க் குடிக்கட்டும். பன்றிங்க மேற்குக் கரைன்னு தானாச் சொல்லிட்டாங்க. அதுக்கு ஒரு உத்தரவும் போட்டுடாதீங்க! நான் தோத்துட்டேன்னு சொன்னாலும் சரி, வருத்தமில்லை."

யானை ராஜா தும்பிக்கையைத் தூக்கிச் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகமெல்லாம் பறந்தது. "ஒரு குரல் குறைஞ்சாலும் இலை இருக்கும்னு சொன்னேன். இருக்கட்டும், கேட்டு வாங்கறவங்களுக்கு! என் பேச்சும் தவறலை. போங்க, போய்த் தண்ணி குடிங்க!" என்றார். போகிற போக்கில் கீரி குத்தி வைத்திருந்த இலைக் குவியலை வாரி வாயில் போட்டுக்கொண்டார். "சேறுதான் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

மான்குட்டி முதல் ஆளாக ஓடியது. அது குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கீரி தன் காலைக் கழுவியது. மனசு லேசானது.

நரியின் கதை வேறு மாதிரி ஆனது. இப்போது இலை வாங்க வருவது ஆமையும், ஓரிரு நத்தைகளும், வரிசையில் நின்று ஊர் வம்பு பேசப் பிரியப்படும் ஒரு முயலும்தான். அவர்களும் வராமல் போனால் தனக்கு என்ன வேலை? நரி தூக்கத்தை விட்டது. அப்பா பேரைக் கேட்பதையும் விட்டது. "வாங்க தங்கபுஷ்பம் அக்கா! வெயில்ல இவ்வளவு தூரம் வந்தீங்களே!" என்று வாலால் வழியைப் பெருக்கிவிடும்.

ஒரு நாள் கீரி ஆமையின் கூடவே நடந்தது. "அக்கா, எங்க சங்கத்துல சேருறீங்களா?" என்று கேட்டது.

"மாட்டேன்" என்றது ஆமை.

கீரிக்கு வாய்வரை ஒரு சொற்பொழிவு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "ஏன்க்கா?" என்று கேட்டது. ஆமை சொல்ல ஆரம்பித்தது. ஆமைப் பேச்சும் ஆமை நடையும் சேர்ந்து மடுவுக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. கீரி ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை.

எல்லாருக்கும் விடுதலை வேண்டும் என்று முழங்குகிறவர், தம்மிடம் "மாட்டேன்" என்று சொல்கிறவரின் விடுதலையை முதலில் மதிக்க வேண்டும்.