நெடுங்கரட்டுப் பள்ளிக்கூடத்து ஆடுகள்

"வெட்டினா ஒரு வேளைச் சோறு, வளத்தா..." அதுக்கு மேல என்னமோ ஒண்ணு வரும். உப்புக்காரி மாடத்தி ஊர்க்கூட்டத்துல எழுந்து சொன்ன சொல்லு அது. பாதி காத்தோட போயிருச்சு. மிச்சப் பாதி எப்படிப் பிழைச்சதுங்கிறதுதான் கதை. உம் கொட்டிக் கேளுங்க. உம் நின்னா கதையும் நின்னுரும்.

நெடுங்கரடுன்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சாம். மத்த ஊர்ப் பள்ளியில தச்சன் மகனுக்குத் தச்சு, கணக்கன் மகனுக்குக் கணக்கு. இங்க அப்படி இல்லை. யார் வீட்டுப் பிள்ளை வந்தாலும் பாட்டும் படிக்கும், வானத்து மீனும் பாக்கும், மூலிகையும் அறியும், எதிர்த்து நின்னு நியாயமும் பேசும். வயித்துக்குக் கஞ்சியும் அங்கேயே. சும்மா வருமா கஞ்சி? அதுக்குத்தான் ஒரு மந்தை இருந்துச்சு.

முதல் ஆட்டைக் குடுத்தவ உப்புக்காரி மாடத்தி. எழுத்து வாசனையே இல்லாதவ. ஒத்தை வெள்ளாட்டைக் கயித்தோட இழுத்துட்டு வந்து சபையில நிறுத்தி, "இதை வெட்டக்கூடாது, விக்கக்கூடாது, வெகுமானமாத் தூக்கிக் குடுக்கக்கூடாது"ன்னு மூணு சொன்னா. "பாலு பிள்ளைங்களுக்கு. ராத்திரி வயல்ல கிடை போட்டா, எருவுக்குப் பதிலா வயல்காரர் அளக்கிற நெல்லு வாத்தியாருக்கும் அடுப்புக்கும். குட்டி மூணு பொறந்தா ரெண்டை மட்டும் பள்ளிச் செலவுக்கு விக்கலாம், ஒண்ணு மந்தைக்கு. பிள்ளைங்க கூடுமே, மந்தையும் கூட வேண்டாமா?"

அவ குடுத்ததைப் பாத்து, தறி நல்லா ஓடின வருஷம் நெசவுக்காரர் ஒண்ணு குடுத்தாரு. மகனுக்குக் காய்ச்சல் விட்டப்போ செக்குக்காரர் ஒண்ணு குடுத்தாரு. அங்க படிச்சுத் தூர தேசத்துல வைத்தியம் பாத்தவ ரெண்டு அனுப்பினா. தொழிலை விட்ட ஒரு திருடன்கூட ஒண்ணு கொண்டாந்தான். "இது உன்னுதுதானாப்பா?"ன்னு கேட்டாங்க. "சத்தியமா விலை குடுத்து வாங்கினதுங்க. பழக்கமில்லையா, கை நடுங்கிருச்சு"ன்னான். யார் குடுத்தாலும் அடையாளம் ஒண்ணுதான்: இடது காது நுனியில குருவிவால் மாதிரி ஒரு வெட்டு. அதுக்கப்புறம் அது பள்ளிக்கூடத்து ஆடு. இப்படியே வருஷம் ஏற, மந்தையும் நூறைத் தாண்டிருச்சு.

மேய்ச்சவன் வெள்ளையக்கோன். மாடத்தி பேசின அன்னைக்கு அவன் சின்னப் பையன், கூட்டத்துல கடைசியில நின்னு பாதிதான் காதுல வாங்கினான். பள்ளிக்குள்ள ஒரு நாளும் உக்காந்ததில்லை. அவன் மக ஆவுடைதான் உக்காந்தா. அவனுக்குன்னு சொந்தமா ஒரே ஒரு ஆடு, கருவாச்சி. அதைப் பெருக்கித் தனக்குன்னு ஒரு மந்தை கட்டணும், ஊராருக்கு மேய்க்கிறதை விடணும்னு பத்து வருஷமா ஆசை. அதனால கருவாச்சி காது மட்டும் முழுசா இருந்துச்சு. இன்னொண்ணும் சொல்லிர்றேன், மறந்துராதீங்க: பள்ளிக்கூடத்து மந்தை குறைஞ்சா மேய்க்கிறவன் தன் ஆட்டையும் விட்டுட்டு ஊரை விட்டே போகணும். அது ஊர்க்கட்டு.

இப்படி இருக்கையில தாண்டவராயன்னு ஒரு மணியக்காரர் புதுசா வந்து சேர்ந்தாரு. வந்த மறுநாளே மந்தைக்கு வந்தாரு.

"ஏலே கோனே, மகாராசா வரப்போறாரு. பள்ளிக்கு வாசல்ல ஒரு கோபுரம் எழுப்பி அவர் பேரை வெட்டணும். பத்து ஆட்டை ஓட்டு."

"கோபுரம் பால் கறக்குங்களா, ஐயா?"ன்னு கேட்டான் வெள்ளையக்கோன். மணியக்காரர் போயிட்டாரு.

ரெண்டாம் நாளு வந்தாரு. "ஆட்டை விடு. மந்தைக்குன்னு ஒதுக்குற குட்டி சும்மாதானே திரியுது? அதைக் குடு."

"சும்மா திரியலைங்க, வளருது. இந்த வருஷத்துக் குட்டியைத் தின்னா அஞ்சாம் வருஷத்துப் பிள்ளை பட்டினி." அன்னைக்கும் போயிட்டாரு.

மூணாம் நாளு வந்தாரு. முகமெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. "உன் மக மீன் எண்ணி, பாட்டுப் பாடி, நியாயம் பேசி என்னத்தைடா கிழிக்கப் போறா? ஏர் பிடிக்கக் கத்துக்குடுத்தாப் போதும், செலவு பாதியாயிரும். பாதி மந்தையை ஓட்டு!"

வெள்ளையக்கோன் கோலை ஊணி நின்னான். "என்னத்தைக் கிழிப்பான்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா. தெரிஞ்சா, அது ஒண்ணை மட்டும் சொல்லிக்குடுங்கன்னு சொல்லியிருப்பேன். தெரியாததாலதானே எல்லாத்தையும் சொல்லிக்குடுக்கிறாங்க? ஒரு ஆடு நகராது."

கேட்டுக் கிடைக்காததை எடுத்துக்கிறவங்க உலகத்துல உண்டு இல்லையா? மணியக்காரர் அந்த ரகம். "கோட்டையில உன்னைக் கூப்பிடுறாங்க"ன்னு பொய்யா ஆள் விட்டு வெள்ளையக்கோனை வெளியூருக்கு அனுப்பினாரு. மேய்ச்சலுக்குத் தன் ஆளை நிறுத்தினாரு. நாப்பது தாயாட்டை ஓட்டிட்டுப் போயித் தன் வீட்டுப் பின்கட்டு மதிலுக்குள்ள அடைச்சாரு. மகாராசா வந்து போனதும் வியாபாரிக்குத் தள்ளிவிடலாம்னு எண்ணம். காது அடையாளம் காட்டிக்குடுத்துருமேன்னு நாப்பதோட காது நுனியையும் நறுக்கிட்டாரு. எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு. ஒண்ணை மட்டும் விட்டுட்டாரு. அது என்னன்னு பின்னால வரும்.

சாயங்காலம் வெள்ளையக்கோன் திரும்பி வந்தா, மந்தையில நாப்பது குறையுது. "செந்நாய் அடிச்சிருச்சு. குடிச்சுட்டு எங்க கிடந்தே?"ன்னு மணியக்காரர் ஊரைக் கூட்டிட்டாரு. மறுநாள் மகாராசாவே வந்து சபையில உக்காந்தாரு.

"கோனே, மந்தை எங்க?"

ஊரும் போச்சு, கருவாச்சியும் போச்சு, பள்ளிக்கூடத்து அடுப்பும் அணைஞ்சாப்புலதான்னு நிக்கிறான். அப்போ ஆவுடை எழுந்து வந்தா. "மகாராசா, மணியக்காரர் ஐயாகிட்ட மூணு கேள்வி கேக்கலாமா?"

"கேளு தாயி."

"நாப்பது ஆட்டைச் செந்நாய் அடிச்சா ரத்தம் எங்கங்க ஐயா?"

"மண்ணு குடிச்சிருச்சு."

"எலும்பு எங்கங்க ஐயா?"

"இழுத்துட்டுப் போயிருச்சு."

"நேத்துப் பூரா பள்ளியில நாங்க வானத்தைப் பாத்து நிழல் அளந்துக்கிட்டு இருந்தோம். ஒரு கழுகுகூட வட்டம் போடலை. கழுகையுமா செந்நாய் இழுத்துட்டுப் போச்சு?"

சபை கொல்லுன்னு சிரிச்சுது. மணியக்காரர் மட்டும் அசரலை. "வாய் இருக்கு, சாட்சி இருக்கா?"ன்னாரு. ஆவுடைகிட்ட சாட்சி இல்லை. மக வாய் நின்ன இடத்துல அப்பன் வாய் திறந்துச்சு.

"சாட்சி இருக்குங்க, மகாராசா. நேத்துல இருந்து கத்திக்கிட்டே இருக்கு."

ஆடு மேய்க்கிறவங்க தாயாட்டை மேய்ச்சலுக்கு விட்டா, சின்னக் குட்டியை மூங்கில் கூட்டுல அடைச்சுட்டுத்தான் போவாங்க. நாப்பது தாய்க்கும் குட்டி அந்தக் கூட்டுக்குள்ளதான் இருந்துச்சு. குட்டி கத்தித் தொலைக்கும்னு மணியக்காரர் அதைத் தொடவே இல்லை. அவர் விட்டது அதைத்தான்.

வெள்ளையக்கோன் போயிக் கூட்டுக் கதவைத் திறந்தான். ஒரு பொழுது பாலில்லாத குட்டிங்க, திமுதிமுன்னு ஓடுதுங்க. சபையைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, மணியக்காரர் வீட்டுப் பின்கட்டு மதிலை முட்டிக்கிட்டுக் கத்துதுங்க. உள்ளே இருந்து தாயாடுங்க பதிலுக்குக் கத்துதுங்க.

"பசிச்ச குட்டி எந்த ஆட்டுக்கிட்டயும் போகும்! இது என் ஆடு, காதைப் பாருங்க!"ன்னு மணியக்காரர் மூச்சிரைக்க ஓடியாந்தாரு.

"எந்தக் குட்டியும் எங்கயும் போகும்ங்க"ன்னான் வெள்ளையக்கோன். "ஆனா எந்தத் தாயும் ஊரான் குட்டிக்கு மடி குடுக்காது. உதைச்சுத் தள்ளிரும். கதவைத் திறங்க."

திறந்தாங்க. நாப்பது குட்டி, நாப்பது மடி. ஒண்ணுகூட உதை வாங்கலை.

மகாராசாவுக்குக் கண்ணு சிவந்துருச்சு. "காதை நறுக்கின கையை வெட்டுங்கடா!"

மணியக்காரர் தரையில விழுந்தாரு. வெள்ளையக்கோன் குறுக்கே போயி நின்னான். "வேண்டாங்க. எங்க உப்புக்காரி ஒண்ணு சொல்வா. வெட்டினா ஒரு வேளைச் சோறு, வளத்தா..."

"வளத்தா?"

"மறந்துபோச்சுங்க. அந்த மீதியைத்தான் இத்தனை வருஷமா மேய்ச்சுக்கிட்டு இருக்கேன். கையை விட்டு வைங்க, பால் கறக்கட்டும்."

மகாராசா சிரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் தாண்டவராயன் மணியத்தை இழந்து, ஓட்டின நாப்பதுக்கு நாப்பது தன் கையில இருந்து மந்தைக்கு வச்சு, விடிஞ்சா எழுந்து அம்புட்டு ஆட்டுக்கும் பால் கறந்து, பிள்ளைங்களுக்கு வரிசையில ஊத்தினாரு. "பெரியவரே, எனக்கு நுரை பத்தலை"ன்னு பிள்ளைங்க கேலி வேற. மகாராசா நூறு ஆடு குடுத்தாரு. "இதுக்கு மட்டும் வலது காதுல என் முத்திரை போடலாமா?"ன்னு கேட்டாரு. "மந்தையில தனிக் காது கிடையாதுங்க"ன்னான் வெள்ளையக்கோன். அவரும் குருவிவாலுக்கே ஒத்துக்கிட்டாரு. கோபுரம் எழும்பலை. பிள்ளைங்க கூடுச்சு, மந்தையும் கூடுச்சு.

குட்டி தாய்கிட்ட, பாலு பிள்ளைகிட்ட, கதை உங்ககிட்ட. ஒண்ணுதான் பாக்கி.

நூறு ஆட்டுக்கும் காது வெட்டி முடிச்ச அன்னைக்கு, வெள்ளையக்கோன் கத்தியைக் கழுவாம வீட்டுக்கு வந்து, கருவாச்சியைத் தொடையிடுக்குல நிறுத்தி, அதோட இடது காது நுனியில குருவிவால் வெட்டினான்.