பதினாறு தலை, ஒரே உடம்பு

சுபேதார் முனிரத்தினம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் குருவைக் கும்பிடப் பழகவில்லை. மலையடிவார மடத்துக்கு வந்தால் கால்களை ஒன்றுசேர்த்து சல்யூட்தான் அடிப்பார். குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாளும் அவரைத் திருத்தியதில்லை. தலையை மட்டும் அசைப்பார்.

அன்று சல்யூட்டில் விறைப்பு இல்லை.

"என்ன சுபேதாரே, தோள் தொங்குது?"

"ஒரு கேள்விம்மா. செத்துப்போனவங்களுக்கு எப்படி மரியாதை செய்யணும்?"

கேள்வி பெரிதுதான். ஆனால் விஷயம் அவருடைய கைபேசிக்குள் இருந்தது. ஊரிலிருந்து போருக்குப் போய்த் திரும்பாதவர்கள் பதினாறு பேர். அவர்களுக்கு இணையத்தில் ஒரு நினைவகம் எழுப்பியிருந்தார் சுபேதார். கல்லில் கட்டினால் காக்கா எச்சம் போடும், கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டுவான், இதில் அந்தத் தொல்லை இல்லை என்பது அவர் வாதம். ஞாயிற்றுக்கிழமை தாசில்தார் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. பதினைந்து வீடுகள் சம்மதம் சொல்லிவிட்டன. பதினாறாவது வீடுதான் முரண்டு பிடித்தது.

அது ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த பச்சையப்பனின் வீடு. பனிமலையில் சுபேதாரின் மடியில் தலைவைத்து உயிரை விட்டவன் பச்சையப்பன். அவனை நினைத்துத்தான் இந்த வேலையையே அவர் தொடங்கினார். அவன் மனைவி கமலவேணியோ கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊட்டுக்காரர் இல்லண்ணா, எடுத்துடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மூஞ்சி அவன் மூஞ்சிதாம்மா! கல்யாண போட்டோவுல இருந்து வெட்டினது. அவன் இல்லாம நான் எப்படித் திறக்கிறது?" சுபேதார் கைபேசியை நீட்டினார்.

குருவம்மா கைபேசியை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீரர், மடிப்புக் கலையாத சீருடையில், நெஞ்சில் நான்கு பதக்கங்களோடு நின்றார்.

"எல்லாருக்கும் நாலு பதக்கமா?"

"பாதிப் பேருக்கு யூனிஃபார்ம்ல போட்டோவே இல்லம்மா. ஒருத்தர் லுங்கியில நிக்கிறார், ஒருத்தர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிட்டு நிக்கிறார். அதையெல்லாம் போட முடியுமா? ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர்ல ஒரு உடம்பு இருந்தது. எல்லாருக்கும் அதையே மாட்டிட்டோம்."

"யாரோட உடம்பு?"

"தெரியலம்மா. நல்ல உடம்பு."

குருவம்மா கட்டைவிரலால் ஒரு முகத்தை மறைத்தார். "இது யாரு?"

சுபேதார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பக்கத்துல இருக்கிற ராணுவ நம்பரைப் படிங்கம்மா, டக்குனு சொல்லிடறேன்."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"அஞ்சா நெஞ்சர், ஒழுக்கசீலர், பெரியோரை மதித்தவர்."

"அடுத்தவருக்கு?"

"அதேதாம்மா. ராணுவத்துல எல்லாரும் சமம்."

குருவம்மா கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "பதினாறு பேரும் முதுகு காட்டி வரிசையா நிக்கிறாங்கன்னு வச்சுக்குங்க. பச்சையப்பன் எவர்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

சுபேதார் யோசிக்கவே இல்லை. "பல்லின்னு கத்துவேன். எவன் குதிக்கிறானோ அவன்தான்."

"பல்லியா?"

"குண்டு விழுந்தா அசைய மாட்டாம்மா. பல்லியைப் பார்த்தா கட்டில் மேல ஏறிடுவான். யாராவது அதை விரட்டினாத்தான் படுப்பான். பனிமலைக்குப் போகணும்னு உத்தரவு வந்தப்ப நாங்கல்லாம் தலையில கைவச்சு உக்காந்துட்டோம். அங்க போய்ச் சேர்ந்ததும் இவன் மட்டும் கூடாரத்துல மூலைமுடுக்கெல்லாம் தேடிட்டு, 'டேய் ரத்தினம், இந்த ஊர்ல பல்லியே கிடையாதுடா'ன்னு…"

சுபேதார் வயிறு குலுங்கச் சிரித்தார். பாதியில் சிரிப்பு உடைந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அங்கதாம்மா அவன் நல்லாத் தூங்கினான்."

அவர் முகத்தைத் துடைத்து முடித்ததும் குருவம்மா கேட்டார்.

"இதை ஏன் எழுதலை?"

"ஒரு வீரனைப் பத்திப் பல்லி, கட்டில்னு எழுதறதா? மரியாதை என்னாகும்?"

"அதைக் கமலவேணிகிட்டக் கேளுங்க."

திங்கட்கிழமை சுபேதார் மறுபடி வந்தார். சல்யூட்டில் மடத்துத் தூண் அதிர்ந்தது.

"பல்லிக் கதையை எழுதி எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேம்மா. அந்தப் பொண்ணு உள்ள போய் ஒரு போட்டோ கொண்டுவந்து கொடுத்தது. லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு, கையில வெளக்குமாத்தோட நாற்காலி மேல நிக்கிறான். கண்ணு மோட்டுவளையில. 'இவர்தாண்ணா, இதைப் போடுங்க'ன்னுச்சு."

"போட்டீங்களா?"

"போட்டேன். திறப்பு விழாவுல தாசில்தார் அதைப் படிச்சிட்டு எல்லார் முன்னாலயும் சிரிச்சுட்டார். அப்புறம் பயந்துபோய் வாயைப் பொத்திக்கிட்டுக் கமலவேணியைப் பார்த்தார். அந்தப் பொண்ணும் கண்ணு கலங்கச் சிரிச்சுட்டு இருக்கு! அந்தப் பக்கத்தை விட்டு ஒருத்தரும் நகரலைம்மா. பச்சையப்பனுக்கு வேற என்ன பிடிக்கும், எப்படிப் பாடுவான்னு பொழுது சாயற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

சுபேதார் நெஞ்சை நிமிர்த்தினார். "பதினாறு பேரும் ஆஜர்மா!"

குருவம்மா கைபேசியைக் கேட்டு வாங்கினார். அடுத்த பக்கத்தைத் தள்ளி, கட்டைவிரலால் முகத்தை மறைத்து அவரிடம் நீட்டினார்.

சுபேதாரின் நெஞ்சு மெல்ல இறங்கியது.

"ஒருத்தர்தான் ஆஜர், சுபேதாரே. மிச்சப் பதினைஞ்சு பேரை எப்போ கூட்டிட்டு வரப்போறீங்க?"