வளைவில் நின்ற வண்டி

மலைச் சுரங்கம் சரிந்து, பாறையில் துளைபோடும் தொழிலாளி மாசிலாமணி உள்ளே மாட்டிக்கொண்டார். தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவரைத் தேடி ரோபோ வண்டிகள் வரிசையாகப் போயின. பாறைக்குள் வயர்லெஸ் அலை தூரம் எட்டாது, வளைவிலும் திரும்பாது. முன்னால் போகிற வண்டி பின்னால் வருவதிடம் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். அப்படித்தான் சேதி வாசலுக்கு வரவேண்டும்.

வாசலில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எபனேசர். காவல்துறை வயர்லெஸ்ஸில் ஓய்வு பெற்று, மகள் வயதுள்ள மதுரவல்லியிடம் இந்த வண்டிகளை இயக்கும் வித்தையைப் படிக்க வந்தவர். மனைவி கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட "இப்ப எங்க இருக்க?" என்று போன் போடுகிற ஆள்.

"மேடம், மூணாவது வண்டி வளைவுலயே நிக்குது. எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

"வேலைக்கு டிமிக்கி கொடுக்குது. கேட்டா 'நிற்கிறேன்'னு மட்டும் சொல்லுது. திருட்டுப் பசங்க எல்லாம் அப்படித்தான் சொல்வானுங்க."

மீட்புக்காரர்களிடம் பேச மதுரவல்லி நகர்ந்ததும், எபனேசர் ஸ்டேஷன் வழக்கப்படி ஓர் ஆணை போட்டார். எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று எல்லா வண்டியும் நொடிக்கு நொடி சொல்லியாக வேண்டும். திரையில் புள்ளிகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

அப்போது முன்வண்டி மாசிலாமணியை எட்டியது; ஸ்பீக்கரில் அவர் குரல். "தண்ணி... இட... கா..." அறுந்துபோனது.

மதுரவல்லி ஓடிவந்தார்.

"பாத்தீங்களா மேடம்! மூணாவதுதான் நடுவுல கெடுக்குது. யாரோ அதோட புரோகிராமை மாத்திட்டாங்க. புரோகிராம் எழுதற அந்த சுகந்தன் மேல எனக்கு முதல்லேர்ந்தே ஒரு கண்ணு. இருங்க, அதை முன்னாடி தள்ளிடறேன்."

"கையை எடுங்க சார்."

அவர் போட்ட ஆணையை மதுரவல்லி நீக்கினார். புள்ளிகள் அத்தனையும் அணைந்தன.

எபனேசர் பயந்தே போனார். "ஐயோ, எது எங்க இருக்குன்னே தெரியலையே!"

"இவ்வளவு நேரம் எல்லா வண்டியும் உங்களுக்குத்தான் பதில் சொல்லிட்டு இருந்துச்சு, அவர் பேச்சைக் கடத்த நேரமில்லாம. கொஞ்சம் சும்மா இருங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு முழுசாக வந்தது.

"தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சுங்க. இடது பக்கம் காத்து வருது. அங்க தோண்டுங்க."

மீட்புக்காரர்கள் கடப்பாரையோடு உள்ளே ஓடினார்கள். மாசிலாமணி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

எபனேசர் வெறும் திரையையே முறைத்தார். சந்தேகம் அவரை விடவில்லை.

"மேடம், அந்த மூணாவது இப்ப ஒழுங்கா வேலை பாக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அவர் பேசறது உங்களுக்குக் கேக்குதில்ல சார்?" என்றார் மதுரவல்லி.