ஏரிக் கல்வெட்டின் கடைசி வரி

எங்கள் வட்டார வரலாற்றை முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் புத்தகங்களை முழுசாகப் படித்தவர் ஒருவர்தான், அச்சுப்பிழை திருத்தியவர்.

அப்படிப்பட்ட என்னை ஏரிக்கரை விழாவுக்கு அழைத்தார் சேர்மன் தில்லைநாயகம். பாதி ஏரியை வளைத்துப் போட்டிருந்தவர்.

"இந்தக் கல்வெட்டுல இருக்கற ராஜா என் முப்பாட்டன்னு மைக்ல சொல்லணும், புரொபசர்."

எனக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சொன்னேன். கூடவே கல்லின் கடைசி வரியையும் வாசித்தேன்: "இந்த ஏரியைக் காப்பவன் பாதம் என் தலைமேலும் என் வம்சத்தார் தலைமேலும்."

மடை திறக்கும் காத்தவராயன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். "ஏரியக் காக்கறது நான்தாங்க. கொஞ்சம் குனியறீங்களா?"

சேர்மன் மைக்கைப் பிடுங்கினார். "அந்த ராஜா யாரோ, நான் யாரோ."

என் ஆராய்ச்சியை ஒருவர் மேடையில் மறுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.